கேதம் சொல்லாத வீடு

சோழவந்தானிலிருந்து வரும் வெற்றிலைக் கூடைகள் காலை வண்டியில் திருச்சி சந்திப்பில் இறங்கும். எனக்கு அங்கே ரயில்வே ஆபீசில் உத்தியோகம். வேலைக்குப் போகிற வழியில் அந்தக் கூடைகளுக்குப் பக்கத்தில் சற்று நின்றுவிட்டுப் போவது என் வழக்கம். எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது. கூடையோடு வருகிற ஆட்களிடம் ஊரில் மழை உண்டா, ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று இரண்டு வார்த்தை பேசுவேன், அவ்வளவுதான். போன மாதம் அப்படிப் போய் நின்றபோது ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னண்ணே, நீங்க ஊருக்குப் போகலையா? சுப்பையா வீட்டு அம்மா போன வாரமே தவறிட்டாகளே. அன்னைக்கே எடுத்தாச்சே.”

நான் ஒரு கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வெற்றிலை நசுங்கும் என்று அவர் என்னைக் கையைப் பிடித்து எழுப்பினார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடு ஆபீசுக்குப் போய், மத்தியானம் வரைக்கும் வேலை பார்த்தேன். பிறகுதான் லீவு கேட்டேன். யார் இறந்தது என்று மேலதிகாரி கேட்டார். என்ன உறவு என்று சொல்வதென்று தெரியாமல் நான் விழித்ததை அவர் பொய் சொல்வதாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மதுரைப் பக்கம் சாவுச் செய்தி அறிவிப்பதைக் கேதம் சொல்வது என்பார்கள். ஊர் ஊராக ஆள் போய், வீடு வீடாக வாசலில் நின்று சொல்ல வேண்டும். ஒன்றுவிட்ட உறவாக இருந்தாலும் விட்டுப்போகக் கூடாது. சொல்லாமல் விட்டால் அந்த வீட்டார் காலத்துக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். சித்திரைத் திருவிழாவில் எதிரே வந்தால்கூடத் திரும்பிக்கொண்டு போவார்கள். அப்படியிருக்க, ஏழு வருஷத்துக்கு மேல் அந்த வீட்டுச் சோற்றைத் தின்ற எனக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. ஒரு தந்தி அடித்திருக்கலாம், அதுவும் இல்லை. எங்கிருந்தோ வந்து தங்கிப் படித்துவிட்டுப் போன பிள்ளை, அவனுக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியேறினேன். வழியெல்லாம் அதையே மென்றுகொண்டிருந்தேன்.

சுப்பையாவின் மனைவி அங்கம்மாளைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கு அவருடைய குரல் தெரியும். வாய்க்காலுக்கு அந்தக் கரையில் நிற்பவனை இந்தக் கரையிலிருந்தே திட்டுகிற குரல் அது. வெற்றிலைக் கட்டில் ஓர் அழுகல் இலை இருந்தால் கட்டை அவிழ்க்காமலே கண்டுபிடிப்பார் என்பதும் தெரியும். ஆனால் வீட்டில் ஒருவனைத் தங்கவைத்துப் படிக்கவைத்த அங்கம்மாளை என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தங்கியவன் நான் ஒருவன்தானே.

நான் பிறந்தது மலேயாவில், சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவுக்கு அங்கே கிராணி உத்தியோகம், அதாவது தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை. அம்மா நான் நடக்கப் பழகுவதற்குள் போய்விட்டார். நானும் அப்பாவும் மாறி மாறிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சுப்பையா இளவயதில் அதே தோட்டத்துக்குக் கூலியாக வந்து, வந்த வருஷமே மலேரியாவில் விழுந்தவர். அப்பா அவரைத் தம் வீட்டில் கிடத்திப் பிழைக்கவைத்து ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பினார். நான் காலேஜில் சேரும் வயதில் அப்பா என்னைச் சோழவந்தானுக்கு அனுப்பியது அந்தப் பழக்கத்தில்தான். அங்கே தங்கி, தினமும் ரயிலில் மதுரைக்குப் போய்ப் படிப்பது என்று ஏற்பாடு.

கப்பல் நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ரயில் மாறி மாறிச் சோழவந்தானுக்கு வந்து சேர்ந்தேன். ஸ்டேஷனுக்கு அழைக்க வந்தவன் சுப்பையாவின் மகன் ராசு. என்னைவிட இரண்டு வயது இளையவன். பேசிக்கொண்டே ஒரு பெரிய மணல்வெளியில் இறங்கி நடந்தான். நான் பின்னால் நடந்தேன். ஆறு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவன் நின்று என்னைப் பார்த்துவிட்டு, “மாப்ள, நீ இப்ப நிக்கிறதே ஆத்துக்குள்ளதான்” என்றான். மலேயாவில் நான் வற்றிய ஆற்றைப் பார்த்ததே இல்லை. அவன் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். அந்த ஊரில் என்னைப் பார்த்து ஒருவர் மனம்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. நெடுநாளைக்கு அதுவே கடைசியாகவும் இருந்தது.

ஏனென்றால் அந்த வீட்டில் எனக்கு அவ்வளவு மரியாதை. என் அப்பா இல்லாவிட்டால் அந்த வீட்டு ஆண்பிள்ளை ரப்பர் காட்டிலேயே மண்ணாகியிருப்பார். அதை அவர்கள் ஒருநாளும் மறக்கவில்லை, என்னையும் மறக்கவிடவில்லை. வீட்டார் காலையில் உள்முற்றத்தில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிடுவார்கள். ஆளுக்கொரு கும்பா, நடுவில் வெங்காயமும் மாங்காயும். ராசு ஏதாவது குறும்பாகச் சொல்வான், அங்கம்மாள் திட்டுவார், சுப்பையா சிரிப்பார். எனக்கு மட்டும் முன்கூடத்தில் வாழையிலை. கருக்கலிலேயே எழுந்து எனக்கென்று சோறு வடித்து, குழம்பு வைத்து, “தம்பி, சாப்பிடுங்க” என்று பரிமாறிவிட்டு அங்கம்மாள் தள்ளி நிற்பார். நான் சுடுசோற்றைத் தின்றுகொண்டே உள்ளே கேட்கிற சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வந்த மறுநாள் சாப்பிட்டு முடித்து இலையை நானே எடுத்தேன். அப்பாவும் நானும் இருந்த வீட்டில் அவரவர் எச்சிலை அவரவர்தான் எடுப்போம். அங்கம்மாள் ஓடிவந்து என் கையிலிருந்து இலையைப் பிடுங்கினார். முகம் சுண்டிப்போயிருந்தது. அடுக்களைக்குள் போய்ப் புருஷனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“நான் அந்தத் தம்பிக்கு என்ன கொறை வச்சேன்? இலைய எடுக்குது. பாத்தவுக என்ன பேசுவாக?”

அதற்குப் பிறகு நான் எதையும் தொடவில்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனால் ராசு வாளியை வாங்கிக்கொள்வான். பாயைச் சுருட்டினால் சுப்பையா வந்து, “வையிங்க தம்பி, நாங்க இருக்கோம்ல” என்பார். அவர்கள் குறை வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். நான் அந்த முன்கூடத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் தனியாகத் தின்றேன். எல்லாவற்றையும்விட எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. அந்த வீட்டில் யாரையும் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை. உறவு இல்லை, பேர் சொல்லவும் முடியாது. அங்கம்மாள் முதுகைக் காட்டி வேலை செய்துகொண்டிருந்தால் அவர் திரும்பும்வரை காத்திருந்துதான் பேசுவேன். யாரையும் கூப்பிடாமல் ஒரு வீட்டில் வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது என்னவென்று விளங்கும்.

காலேஜும் அப்படித்தான். பையன்கள் என்னைச் ‘சிலோன்’ என்றார்கள். நான் மலேயா என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, சிலோன் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போனார்கள். நான் ஒருமுறை அப்பாவின் ஊருக்குப் போனேன். கொட்டாம்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பாவின் பங்காளிகள் மோர் கொடுத்து, திரும்ப எந்த பஸ்ஸுக்கு என்று கேட்டார்கள். அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டேன்.

எனக்கு ஆறுதலாக இருந்த இடம் கொடிக்கால் ஒன்றுதான். அகத்தி மரங்களில் வெற்றிலைக்கொடி படர்ந்து, உள்ளே எப்போதும் நிழலும் ஈரமுமாக இருக்கும். ரப்பர் காட்டுக்குள் இருப்பது போலவே இருக்கும். சனி ஞாயிறில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். அங்கம்மாள் ஆட்களுக்குக் கஞ்சி கொண்டுவருவார். என்னைப் பார்ப்பார். ஒருநாள் போகிற போக்கில், “தம்பி சிரிக்கிறப்பக்கூட ஒரு காலக் கப்பல்லயே வச்சிருக்கீங்க” என்றார். சொன்னதும், மரியாதை குறைந்துவிட்டதோ என்று அவருக்கே கூச்சமாகப் போய்விட்டது. வேகமாகப் போய்விட்டார்.

பிறகு ஜப்பான்காரன் மலேயாவுக்குள் வந்தான். பினாங்கு விழுந்தது. அதற்குப் பிறகு அப்பாவிடமிருந்து கடிதம் வரவில்லை. சிங்கப்பூரும் போயிற்று என்று ரயிலில் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். நான் மதுரையில் இறங்கி, காலேஜுக்குப் போகாமல் அடுத்த வண்டியிலேயே திரும்பி, கொடிக்காலுக்குள் போய் உட்கார்ந்தேன். விருந்தாளி என்றால் அவனுக்கு ஓர் ஊர் இருக்க வேண்டும். எனக்கு அது போய்விட்டது. இனி எந்த முகத்தோடு முன்கூடத்தில் இலை போட்டு உட்காருவது? சாயங்காலம் சுப்பையாவிடம், கொட்டாம்பட்டிப் பக்கம் அப்பாவின் ஆட்களிடம் போய்விடுவதாகச் சொன்னேன். அவர் துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டார். விருந்தாளியின் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்பது அவருக்குப் பழக்கமில்லை. “தம்பி மனசுக்கு எப்படிப் படுதோ அப்படிச் செய்ங்க” என்றார். நான் பெட்டியைக் கட்டினேன்.

மறுநாள் காலையில் முன்கூடத்தில் இலை இல்லை. உள்முற்றத்திலிருந்து குரல் வந்தது.

“இங்க வா. வந்து ஒக்காரு.”

போனேன். ராசுவுக்கும் சுப்பையாவுக்கும் நடுவில் ஒரு கும்பா இருந்தது. அதில் பழைய சோறு.

“கொட்டாம்பட்டிக்குப் போறேன்னு சொன்னியாமே. அங்க ஒன்ன யாரு தேடுறா?” என்று கேட்டார் அங்கம்மாள்.

“யாரும் தேடல.”

“பெறகு எதுக்குப் போற? ஒங்கப்பா வந்து, எம் பிள்ள எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? கொட்டாம்பட்டியில போயித் தேடிக்கங்கன்னா?”

அவர் ஒரு வெங்காயத்தை உரித்துக் கும்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“சாப்பிட்டுட்டு அந்தக் கும்பாவக் கழுவிக் கவுத்து வையி. ஒனக்குக் கழுவ இங்க ஆளு இல்ல. வெரசாச் சாப்பிடு, ரயிலுக்கு நேரமாச்சு.”

சரி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். சரி என்பதோடு சேர்த்துச் சொல்ல என்னிடம் முறை எதுவும் இல்லை. அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

“சின்னம்மான்னு சொல்லு. வாயில முள்ளா குத்தும்?”

ராசு கும்பாவிலிருந்து தலையைத் தூக்கினான். “அப்ப நான் இவன மாப்ளன்னு கூப்பிட முடியாதா? அண்ணேன்னா சொல்லணும்?”

“ஆமா. ரெண்டு நாளைக்கு வாயி கூசும். பெறகு பழகிரும்.”

அன்றைக்கு நான் கழுவி வைத்த கும்பாவில் பருக்கை ஒட்டியிருக்கிறது என்று சின்னம்மா என்னைத் திட்டினார். வாங்க, போங்க எல்லாம் அன்றோடு போயிற்று. திட்டு வாங்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன். வண்டி வைகைப் பாலத்தைத் தாண்டும்போது எனக்கு அழுகை வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் கண்ணில் கரி விழுந்துவிட்டதா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

அதோடு என் தனிமை தீர்ந்தது என்று எழுதினால் இதைப் படிப்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். தீரவில்லை. சண்டை முடியும்வரை அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தபால்காரர் தெருவுக்குள் நுழைந்தால் இன்றைக்கும் நான் வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். நான் கொடிக்காலில் வேலை செய்தேன், தண்ணீர் இறைத்தேன், ராசுவோடு சண்டை போட்டேன், பரீட்சை எழுதினேன். இருந்தாலும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது சட்டென்று கை நின்றுவிடும். அப்பா இன்றைக்குச் சாப்பிட்டாரா என்று தோன்றிவிடும். சின்னம்மா அதைக் கவனிப்பார். தேற்றுகிற பேச்செல்லாம் அவரிடம் கிடையாது. “ஒங்கப்பா இந்நேரம் என்ன கொழம்பு வச்சாரோ, உப்புப் போட்டாரோ போடலையோ” என்பார். அடுத்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். எனக்குக் கை மறுபடி அசையும்.

ஒரு தடவை சுப்பையாவின் பங்காளி ஒருவர் வந்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இத்தனை வருஷம் தகவல் இல்லையென்றால் ஆள் இருக்க மாட்டார். பையன் ஒரு அமாவாசை பார்த்துத் தலைமுழுகி, செய்ய வேண்டியதைச் செய்துவிடுவதுதான் நல்லது. போனவருக்கும் ஒரு வழி கிடைக்கும் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். எனக்கும் அது முடிந்துவிட்டால் தேவலை என்று இருந்தது. காத்திருந்து காத்திருந்து அவ்வளவு அலுத்துவிட்டது. சின்னம்மா வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

“செத்துட்டாருன்னு கண்ணால பாத்தவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும். அது வரைக்கும் இந்த வீட்டுல அவரு உசுரோடதான் இருக்காரு” என்றார்.

அப்படிப் பார்த்தவர் கடைசியில் வந்தார். சண்டை முடிந்து, கப்பல் விட்ட பிறகு, எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் விசாரித்துக்கொண்டு சோழவந்தானுக்கு வந்தார். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனபோது அப்பாவும் போனார், அங்கே காட்டில் வயிற்றுப்போக்கில் இறந்தார், அப்போது பக்கத்தில் இருந்தது தான்தான் என்றார். என்ன கிழமை, என்ன மாதம் என்று சுப்பையா கேட்டார். அந்தக் காட்டில் கிழமை ஏது என்றார் அவர். சின்னம்மா அவருக்கு இலை போட்டுச் சோறு வைத்தார். கறியும் வைத்தார். சாப்பிட்டு அவர் எழுந்து போன பிறகுதான் என்னிடம் வந்தார்.

“இனி அழுகலாம். அழுதுரு” என்றார்.

நான் அழுதேன். எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் ராசு என்னோடு ஆற்றுக்கு வந்து நின்றான். அன்றைக்கு ஆற்றில் முழங்காலளவு தண்ணீர் ஓடியது.

திருச்சியில் வேலை கிடைத்து வந்த பிறகு எப்போதாவது போவேன். புறப்படும்போது அடுத்து எப்போது வருவாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மற்ற வீடுகளில் கேட்பார்களே, இவர் ஏன் கேட்பதில்லை என்று எனக்கு மனத்தாங்கல்கூட உண்டு. ஏதாவது வேலைதான் சொல்லுவார். கடைசியாகப் போனபோது, “அம்மி தேஞ்சு போச்சு, கொத்துறவன் ஒருத்தனும் வரக்காணோம். வர்றப்ப திண்டுக்கல்ல ஒருத்தனப் பாத்துக் கூட்டியா” என்றார். நான் சரி சின்னம்மா என்றேன். அவரோடு நான் பேசிய கடைசிப் பேச்சு அம்மியைப் பற்றியது.

இப்போது மறுபடி அந்த ரயிலுக்கு வருகிறேன். சோழவந்தானில் இறங்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பதை நன்றாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அழுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும், அழுதுவிட்டால் கேட்க முடியாது என்று நினைத்தேன். வாசலில் ராசு மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சுப்பையா. என்னைப் பார்த்ததும் ராசு எழுந்துவந்து என் மேல் விழுந்து அழுதான். நான் அவனைப் பிடித்து நிறுத்தினேன்.

“ஏண்டா எனக்குச் சொல்லல?”

அவனுக்கு முதலில் புரியவில்லை. “என்னத்த?” என்றான்.

“கேதம் எல்லாருக்கும் சொன்னீங்கள்ல. எனக்கு ஏன் சொல்லல? யாரோ வெத்தல ஏத்திட்டு வந்தவரு சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?”

அவன் அழுகையை நிறுத்தி அப்பனைப் பார்த்தான். அப்பன் அவனைப் பார்த்தார். ராசு மெல்ல வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

“ஒனக்குத் தந்தி வரலையாண்ணே? ஐயா, நீங்க அடிக்கலையா?”

“நீ அடிச்சிருப்பன்னு நான் இருந்தேன்” என்றார் சுப்பையா.

ராசு தலையில் கையை வைத்துக்கொண்டான். “ஆளுகள நிக்கவச்சு நான்தாண்ணே ஒண்ணொண்ணாச் சொல்லிவிட்டேன். பங்காளி வீடு, மாமன் வீடு, சம்பந்தகாரவுக வீடுன்னு வரிசையாச் சொன்னேன். ஒம் பேரு அதுல வரவே இல்ல. எப்படிண்ணே வரும்? வீட்டு ஆளுக்கு யாரு கேதம் சொல்லிவிடுவா?”

சுப்பையா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

“காலையிலயே போயிட்டா. மத்தியானமே எடுத்துரணும்னு ஊரே சொல்லுச்சு. நான்தான் விடல. பெரியவன் வரட்டும், பெரியவன் வந்துருவான்னு பொழுதெறங்குற வரைக்கும் வச்சிருந்தேன். ஒவ்வொரு ரயிலுக்கும் ஸ்டேசனுக்கு ஆளு போயிட்டுப் போயிட்டு வந்துச்சு.”

ராசு அந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை என்றுதான் அந்த நிமிஷம் வரை நினைத்திருந்தேன். அவர் சொன்ன பெரியவன் நான்.

நான் திருச்சியில் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் முழுக்க அந்த வீடு எனக்காகக் காத்திருந்திருக்கிறது. சின்னம்மாவும் அந்த முற்றத்தில் கிடந்து காத்திருந்திருக்கிறார். என்னை இன்னொருமுறை அப்படி எதிர்பார்க்க இந்த உலகத்தில் எந்த வீட்டுக்கும் வாய்ப்பில்லை. நான் போகவில்லை. இதை எப்படித் தாங்குவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலமே தலையை மழித்துக்கொண்டேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, ஏன் என்றும் யாரும் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் கேதம் கேட்க, துக்கம் விசாரிக்க வந்தார்கள். அப்படி வருபவர்கள் வீட்டு ஆண்களின் கையைத் தொட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். என்னை அவர்களுக்குத் தெரியாது. ராசு சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். நான் அவனுக்கும் சுப்பையாவுக்கும் நடுவில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவர்கள் முறைப்படி சுப்பையாவின் கையைத் தொட்டார்கள், பிறகு என் கையை, பிறகு ராசுவின் கையை. சின்னம்மா எனக்கென்று வைத்துவிட்டுப் போனது அந்த இடம்தான்.